பிடிக்கிற பிரேக் மட்டும் போதாது, விடவும் வேணும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சில் வரும் திரும்பச் சொல்லல்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடில் பிரேக் பேடு, பிரேக் ஷூ பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, பிரேக் பிடிக்கலைன்னா ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியும். என் கார்ல பிரேக் நல்லாவே பிடிக்குது. ஆனா விடமாட்டேங்குது. இருபது கிலோமீட்டர் ஓட்டிட்டு இறங்கிப் பார்த்தா முன் சக்கரம் ரெண்டும் கொதிக்குது. பேடு மாத்தியாச்சு, காலிப்பரைக் கழட்டித் துடைச்சாச்சு. அப்படியேதான் இருக்கு. இப்போதைக்கு இப்படியே ஓட்டலாமா?"

ஓட்டக்கூடாது. முதல்ல அதைச் சொல்லிடறேன். ஏன் ஓட்டக்கூடாது, கோளாறு எங்கே இருக்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. பேச்சின் நாயகன் மாஸ்டர் சிலிண்டர். பிரேக் பெடலுக்கு முன்னால், பானெட்டைத் திறந்தால் தலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு உட்கார்ந்திருக்குமே, அதுதான். அதுக்குள்ளே ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு ஓட்டை இருக்கு. அந்த ஓட்டையைப் பற்றி நான் புத்தகத்தில் படிச்சுத் தெரிஞ்சுக்கல. ஒரு தப்புப் பண்ணித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு சுத்து

அப்போ எனக்கு 21 வயசு. நாமக்கல்ல ஒரு பட்டறையில் வேலை. நாமக்கல்னாலே லாரிதான். ஆனா லாரிக்கு காத்து பிரேக், அது வேற கதை. நான் இருந்த பட்டறையில் கார், வேன் மாதிரி ஆயில் பிரேக் வண்டிகள்தான் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வேன் வந்தது. ஓட்டுநர் அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். "தம்பி, பெடல் ரொம்ப உள்ளே போகுது. நாளைக்குக் காலையில ஒரு குடும்பத்தைக் கொல்லிமலைக்குக் கூட்டிட்டுப் போகணும். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு. கொஞ்சம் மேலே ஏத்திக் கொடு"ன்னார். முதலாளி வெளியே போயிருந்தார்.

அந்த வண்டிக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின் ஷூ தேய்ஞ்சு டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடிப்போச்சு. அதனால்தான் பெடல் உள்ளே போகுது. சரியான வைத்தியம், ரெண்டு பின் சக்கரத்தையும் கழட்டி ஷூ செட்டிங் பண்றது. ஒரு மணி நேர வேலை. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் செய்யல.

பெடலுக்குப் பின்னாலேயே ஒரு ராடு இருக்கும். அதுதான் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே இருக்கிற பிஸ்டனைத் தள்ளும். அதில் ஒரு லாக் நட்டு. நட்டைத் தளர்த்தி, ராடை ரெண்டு சுத்து நீட்டிவிட்டேன். அஞ்சு நிமிஷம். பெடல் ஜம்முனு மேலே வந்திருச்சு. தெருவில் ஓட்டிப் பார்த்தோம், கல்லு மாதிரி பிடிக்குது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். டீக்குக் காசு கொடுத்துட்டுப் போனார்.

அந்த ரெண்டு சுத்து என்ன பண்ணுச்சுன்னு புரியணும்னா, சிலிண்டருக்குள்ளே போய்ப் பார்க்கணும்.

காலில் இருபது கிலோ, சக்கரத்தில் ஒன்றரை டன்

மூடின பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஒரு இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போய்ச் சேரும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னது. இதை வைத்துத்தான் அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக்கை உருவாக்கினார். 1921இல் டியூசன்பெர்க் கார் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. 1924இல் கிரைஸ்லர் அதைச் சாதாரண ஆட்கள் வாங்கும் காருக்கும் கொண்டுவந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கால் பெடலில் 20 கிலோ அழுத்துகிறது. பெடல் ஒரு நெம்புகோல். அது 4 மடங்காக்கினால் 80 கிலோ. பூஸ்டர் அதை 3 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால் 240 கிலோ. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு சுமார் 3.1 சதுர சென்டிமீட்டர். ஆக, ஆயிலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 76 கிலோ அழுத்தம். கீழே சக்கரத்தில் காலிப்பர் பிஸ்டன் 50 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 19.6. இரண்டையும் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 1,500 கிலோ. ஒன்றரை டன் எடையில் பேடு டிஸ்க்கைக் கவ்வுகிறது.

ஆனா எதுவும் சும்மா கிடைக்காது. காலிப்பர் பிஸ்டன் 1 மில்லிமீட்டர் நகரணும்னா, மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 6 மில்லிமீட்டருக்கு மேல் நகரணும். அது ஒரு சக்கரத்துக்கு மட்டும். அதனால்தான் பேடும் ஷூவும் டிஸ்க்கை, டிரம்மை ஒட்டியே நிற்கணும். இடைவெளி கொஞ்சம் கூடினாலும் அதை நிரப்ப நிறைய ஆயில் போகணும், பெடலும் அந்த அளவுக்கு உள்ளே போகும். அந்த வேனுக்கு ஆனது அதுதான்.

ரெண்டு ஓட்டை

இதுவரை சொன்னது அழுத்துவது. அழுத்தறது மட்டும்தான் வேலைன்னா ஒரு ஊசிக் குழல் போதும், மாஸ்டர் சிலிண்டரே தேவையில்லை. அழுத்தினதைத் திரும்பி விடுவது, குறைந்ததை நிரப்புவது, கூடினதை வெளியே அனுப்புவது, இந்த மூன்றுக்கும்தான் மேலே டப்பாவும் டப்பாவிலிருந்து சிலிண்டருக்குள் இறங்குகிற ரெண்டு ஓட்டைகளும்.

பிஸ்டனை ஒரு உடுக்கை மாதிரி கற்பனை பண்ணிக்குங்க. ரெண்டு தலையும் அகலம், நடுவில் ஒல்லி. முன் தலைக்கு முன்னால் ஒரு ரப்பர் கப்பு. அதன் விளிம்பு முன்பக்கம் பார்த்து விரிஞ்சிருக்கும். முன்னாலிருந்து அழுத்தம் வந்தால் விரிந்து சுவரோடு ஒட்டிக்கும், ஆயிலை விடாது. பின்னாலிருந்து ஆயில் வந்தால் மடங்கி வழிவிடும். ஒருவழிக் கதவு. பின் தலையில் இன்னொரு கப்பு, ஆயில் வெளியே கசியாமல் இருக்க.

இப்போ ஓட்டைகள். பின்னால் இருப்பது பெரிய ஓட்டை. அது பிஸ்டனின் ஒல்லியான இடுப்புப் பகுதியில் திறக்கும். அந்த இடம் எப்போதும் ஆயிலால் நிறைந்திருக்கும். முன்னால் இருப்பது சின்ன ஓட்டை, ஊசிமுனை அளவு. நீங்கள் பெடலில் கால் வைக்காதபோது, கப்பின் விளிம்புக்கு மிகச் சற்று முன்னால் அது திறந்திருக்கும்.

பெடலை அழுத்தும்போது என்ன நடக்கிறது? பிஸ்டன் நகர்ந்ததும் கொஞ்சம் ஆயில் அந்தச் சின்ன ஓட்டை வழியாக டப்பாவுக்கே திரும்பிப் போகும். அடுத்த கணம் கப்பு ஓட்டையைத் தாண்டி மூடிவிடும். அதற்கு அப்புறம்தான் அழுத்தம் ஏறும். பிரேக் பிடிக்க ஆரம்பிக்கிற இடம் அதுதான்.

பெடலைச் சட்டென்று விடும்போது? ஸ்பிரிங் பிஸ்டனை வேகமாகப் பின்னால் தள்ளும். ஆனால் சக்கரங்களில் இருக்கிற ஆயில் ஒல்லிக் குழாய் வழியாக மெதுவாகத்தான் வரும். பிஸ்டனுக்கு முன்னால் ஒரு வெற்றிடம் மாதிரி உருவாகும். அப்போது இடுப்பில் காத்திருக்கிற ஆயில், பிஸ்டன் தலையில் இருக்கிற சின்னத் துளைகள் வழியாக, கப்பின் விளிம்பை மடக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்து அந்த இடத்தை நிரப்பும். இடுப்பில் குறைந்ததைப் பெரிய ஓட்டை நிரப்பும். அதனால்தான் பெடலைப் படபடவென்று நாலு தடவை அடித்தால் பெடல் மேலே வருகிறது. ஒவ்வொரு தடவையும் முன்னால் கொஞ்சம் கூடுதல் ஆயில் சேருகிறது.

சரி, ஆயில் முன்னால் கூடிப்போச்சு. சக்கரத்திலிருந்தும் ஆயில் திரும்பி வந்துகொண்டிருக்கு. இந்தக் கூடுதல் எங்கே போகும்? பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்து நின்றதும் சின்ன ஓட்டை மறுபடி திறக்கும். கூடுதல் ஆயில் அதன் வழியாக மேலே டப்பாவுக்கு ஏறிவிடும். பிரேக் விட்டது என்று நாம் சொல்வது இந்தக் கணத்தைத்தான்.

அந்த ஓட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரேக் சூடானால் ஆயில் விரியும். விரிகிற ஆயிலுக்கும் அந்த ஒரே வழிதான்.

இப்போ நான் பண்ணினதைப் பாருங்க. ராடை ரெண்டு சுத்து நீட்டினதால், காலை எடுத்தாலும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வரமுடியல. கப்பு அந்தச் சின்ன ஓட்டை மேலேயே உட்கார்ந்துக்கிச்சு. வழி அடைபட்டது.

கொண்டை ஊசி வளைவில்

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் வண்டி இழுக்கலைன்னு அண்ணனுக்குத் தோணியிருக்கு. பேடு லேசாக டிஸ்க்கை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. ஆள் கூட ஏறியிருக்காங்க, அதான்னு அவர் நினைச்சுக்கிட்டார்.

இறங்கும்போதுதான் வினை. ஒவ்வொரு வளைவிலும் பிரேக். ஆயில் சூடாகுது, விரியுது. மேலே போக வழியில்லை. போக இடமில்லாத ஆயில் பேடைத்தான் தள்ளும். பேடு இன்னும் உரசும், இன்னும் சூடாகும், இன்னும் விரியும். கால் வைக்காமலே பிரேக் தன்னைத் தானே பிடிச்சுக்குது.

இருபது வளைவு இறங்கியதும் கருகின வாடை வந்திருக்கிறது. அண்ணன் ஓரமாக நிறுத்திவிட்டார். எல்லாரும் இறங்கி நின்னாங்க. பெரியவங்க, பெண்கள், ஒரு கைக்குழந்தை. பத்து நிமிஷம் கழிச்சு வாடை குறைஞ்சது. சரி கிளம்பலாம்னு எல்லாரும் ஏறி உட்கார்ந்தாங்க.

இங்கே ஒண்ணு கவனிக்கணும். வண்டி ஓடும்போது காத்து பட்டு டிஸ்க் கொஞ்சமாவது ஆறும். நின்னதும் அந்தக் காத்து இல்லை. டிஸ்க்கிலும் பேடிலும் இருக்கிற சூடு மெதுவாகக் காலிப்பருக்குள்ளே இறங்கி ஆயிலைச் சேரும். ஆயில் கொதிச்சால் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்க பெடலை மிதிக்கிற மிதி எல்லாம் அந்தக் குமிழியை நசுக்கறதிலேயே போயிடும். சக்கரத்துக்கு ஒண்ணும் போய்ச் சேராது.

அந்த ஓட்டுநர் அண்ணனுக்கு ஒரு பழக்கம். எத்தனை அவசரமா இருந்தாலும், வண்டியைக் கிளப்பும் முன் ஒருமுறை பிரேக்கை மிதிச்சுப் பார்ப்பார். அன்னைக்கும் மிதிச்சார். பெடல் தரையைத் தொட்டிருச்சு.

அவர் ஹேண்ட் பிரேக்கை விடல. எல்லாரையும் இறக்கினார். டயருக்கு முன்னால் கல்லை வைத்தார். குடும்பத்தைப் பஸ்ஸில் அனுப்பிட்டு, கீழே போன ஒரு லாரிக்காரரிடம் எங்கள் பட்டறைக்குச் சேதி சொல்லிவிட்டார்.

முதலாளி என்னை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிட்டுப் போனார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. நாங்க போய்ச் சேரும்போது வேன் ஆறிப்போயிருந்தது. ஆயில் டப்பா மூடியைத் திறந்தார். "உள்ளே போய் பெடலை மெதுவா அமுக்குடா"ன்னார். அமுக்கினேன். "என்ன தெரியுது, வந்து பாரு"ன்னார். அவர் அமுக்க, நான் பார்த்தேன். ஆயில் அசையாம இருந்தது. "ஒண்ணும் தெரியலீங்க முதலாளி"ன்னேன். "ராடை எத்தனை சுத்து நீட்டின?" "ரெண்டுங்க." ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். ரெண்டு சுத்தையும் திருப்பி எடுத்தேன். மறுபடி அமுக்கினார். டப்பாவின் அடியிலிருந்து சின்னதா ஒரு ஊற்று மேலே எழும்பி அடங்கியது. அழுத்தம் ஏறும் முன் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத் திரும்புகிற ஆயில்.

"இது வரணும். இது வரலைன்னா வண்டி பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். ஆயிலை மாத்தி, காத்து எடுத்து, முதல் கியரிலேயே அவரே வேனை இறக்கினார். பக்கத்தில் நான். மீதி இருந்த ஐம்பது வளைவிலும் அந்தக் கைக்குழந்தை ஞாபகம்தான்.

ஒரு சிலிண்டருக்குள் ரெண்டு

நேயர்கள் அடிக்கடி கேட்பது: ஒரு பைப் உடைஞ்சா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடுமா? பழைய வண்டிகளில் போய்விடும். இப்போது இருப்பதெல்லாம் இரட்டை மாஸ்டர் சிலிண்டர். ஒரே துளைக்குள் ஒன்றின் பின் ஒன்றாக ரெண்டு பிஸ்டன். ஒவ்வொன்றுக்கும் தனி ஓட்டைகள், தனிக் குழாய், டப்பாவுக்குள்ளும் நடுவில் ஒரு தடுப்பு. ராடு தள்ளுவது பின் பிஸ்டனை மட்டும்தான். அது தன் முன்னால் இருக்கிற ஆயிலை அழுத்த, அந்த அழுத்தம் முன் பிஸ்டனை நகர்த்துகிறது.

பின் பிஸ்டனின் குழாய் உடைந்தால், அது காலியாகவே நகர்ந்து போய் முன் பிஸ்டனை நேராக முட்டித் தள்ளும். முன் பிஸ்டனின் குழாய் உடைந்தால், அது சிலிண்டரின் கோடிக்குப் போய் முட்டி நின்றுகொள்ளும். பின் பிஸ்டன் தன் பங்கை அழுத்தும். ரெண்டிலும் பாதி பிரேக் மிஞ்சும். ஆனால் பெடல் திடீரென்று ஆழமாகப் போகும், வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். அந்த நேரத்தில் பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். பெடல் எங்கே கனக்கிறதோ அதுவரை தொடர்ந்து மிதியுங்கள். அப்புறம் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வரவேண்டாம், கட்டி இழுத்து வாருங்கள்.

பெடல் என்ன சொல்லுது

உள்ளே நடப்பதைப் பெடல் உங்கள் காலுக்குச் சொல்லும்.

முதல் மிதியில் ஆழமாகப் போய், ரெண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாக நின்றால், ஷூ செட்டிங் பார்க்க வேண்டிய நேரம். மேலே வந்தும் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால், குழாயில் காத்து இருக்கு.

எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்தில் பெடலை ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கேயும் கசிவு இல்லையென்றால், டப்பாவில் ஆயிலும் குறையவில்லையென்றால், ரப்பர் கப்பு தேய்ந்து ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. நிறையப் பேர் "ஆயில் குறையலையே, அப்போ மாஸ்டர் நல்லாத்தான் இருக்கு"ன்னு ஏமாந்து போவது இங்கேதான். ஆயில் சிலிண்டருக்குள்ளேயே சுற்றி டப்பாவுக்குத் திரும்புகிறது, குறைய வழியில்லை.

ஆயில் குறைகிறது, ஆனால் சக்கரத்திலும் குழாயிலும் ஈரமே இல்லை என்றால், பின் கப்பு வழியாகப் பூஸ்டருக்குள் போகிறதா என்று பாருங்கள். மாஸ்டரைக் கழட்டினால் பின்பக்கம் ஈரம் தெரிந்துவிடும்.

இப்போ, பிரேக் விடவில்லை என்று கேட்டவருக்கு. மெக்கானிக்கிடம் இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, பெடலை அழுத்தி விட்டு, சக்கரம் இறுகியிருக்கும்போது பார்க்கணும்.

முதலில் பெடல் முழுசாக மேலே வருதா? கால் மிதியடி தடுக்கலாம். பிரேக் லைட் சுவிட்சை அதிகமாக முறுக்கி வைத்திருந்தாலும் பெடல் முழுசாகத் திரும்பாது.

ரெண்டாவது, மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கிற ரெண்டு நட்டையும் தளர்த்தி, மாஸ்டரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். உடனே சக்கரம் சுற்றினால், ராடு நீளம் அதிகம். பூஸ்டரோ மாஸ்டரோ புதுசா மாற்றின வண்டிகளில் இது நிறைய வரும்.

மூன்றாவது, மாஸ்டரிலிருந்து வெளியே போகிற பைப்பைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால், கோளாறு மாஸ்டருக்குள்ளே. சின்ன ஓட்டை அழுக்கில் அடைபட்டிருக்கும், இல்லை கப்பு ஊதிப்போய் ஓட்டையை மூடியிருக்கும்.

நான்காவது, அங்கே விடவில்லை, காலிப்பரில் காத்து எடுக்கிற நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்றால், நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கு. கால் கொடுக்கிற வேகத்தில் ஆயில் அதைத் தாண்டிப் போய்விடும். திரும்பி வர அவ்வளவு வேகம் இருக்காது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லையென்றால், அப்போதுதான் காலிப்பரைக் கழட்டணும்.

உங்களுக்கு ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி கொதிக்கிறது என்கிறீர்கள். ரெண்டு காலிப்பரும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம். அதனால் நான் மேலிருந்து ஆரம்பிப்பேன். இதையெல்லாம் செய்து முடித்ததும் காத்து எடுக்காமல் வண்டியை எடுக்கக்கூடாது. ஆயில் பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

புது வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் அந்தச் சின்ன ஓட்டைக்குப் பதிலாகப் பிஸ்டனுக்குள்ளேயே ஒரு வால்வு இருக்கும். ஏபிஎஸ் துடிக்கும்போது அழுத்தம் எதிரே வந்து கப்பை ஓட்டையின் விளிம்பில் கடித்துவிடக்கூடாது என்பதற்காக. அதில் ஊற்று தெரியாமல் போகலாம். ஆனால் விதி ஒன்றுதான்: பிஸ்டன் முழுசாகத் திரும்பினால்தான் வால்வு திறக்கும்.

ஆயில் விஷயத்தில்

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் ஆயிலே கிடையாது. டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகைத் திரவங்கள். காத்திலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது, டாட் 4 என்றால் 230 டிகிரி. ஈரம் ஏறினதும் அந்த அளவு 140க்கும் 155க்கும் இறங்கிவிடும். மலைப்பாதையில் இந்த வித்தியாசம்தான் உயிர். கம்பெனி சொன்ன கால இடைவெளியில் மாற்றுங்கள். பெரும்பாலும் ரெண்டு வருஷம்.

எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒரு சொட்டுக்கூட அந்த டப்பாவில் விழக்கூடாது. பிரேக் ரப்பர்கள் கனிம எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஊதின கப்பு அந்தச் சின்ன ஓட்டையை மூடும். நான் ரெண்டு சுத்தில் பண்ணினதை அந்த எண்ணெய் சத்தமில்லாமல் பண்ணிவிடும். அப்புறம் எல்லா ரப்பரையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மெக்கானிக் தம்பிகளுக்கு ஒன்று. பழைய வண்டியில் காத்து எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்கச் சொல்லாதீங்க. பிஸ்டன் வழக்கமாகப் போகாத கோடியில் அழுக்கும் துருவும் சேர்ந்திருக்கும். கப்பு அங்கே போனால் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்குங்க.

முடிக்கிறதுக்கு முன்னால், அந்த ஓட்டுநர் அண்ணனைப் பற்றிச் சொல்லணும். திங்கட்கிழமை அதே வேனோடு வந்தார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். திட்டுவார்னு எதிர்பார்த்தேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, பின்னாடி ஷூ செட்டிங் பண்ணிக் கொடு. ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல, நான் உட்கார்ந்திருக்கேன்"ன்னார்.

ஒரு மணி நேரம் ஆச்சு. முடிஞ்சதும் டப்பா மூடியைத் திறந்து, அவரையே பெடலை அமுக்கச் சொன்னேன். ஊற்று வந்தது. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அதைப் பார்க்காம ஒரு வண்டியையும் நான் அனுப்பினதில்லை.

நீங்களும் நாளைக் காலையில் வண்டியைக் கிளப்பும் முன் ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள். ஒரு நொடி வேலை. அடுத்த எபிசோடில் பூஸ்டர் பற்றிப் பேசலாம். கேள்விகள் இருந்தால் வழக்கம்போல் குரலிலேயே அனுப்புங்கள்.